இருபத்து மூன்றாம் எண் கிணறு

அம்மா இருபத்தொன்பது ஆண்டுகள் கிணறுகளை அளந்தாள். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அல்ல, எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று. குடிநீர் அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் வேலை. மொத்தம் நாற்பத்தொரு கிணறுகள். சில திறந்த கிணறுகள். மற்றவை தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் குழாய்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்துக்குள் எல்லாவற்றையும் அளந்து முடிக்க வேண்டும். சைக்கிளில் போவாள்.

போன மாதம் இறந்துபோனாள். அறுபத்தாறு வயது. இதயம். அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வுபெற்ற தேதி, ஒரு மாதம்கூட விட்டுப்போகாத பதிவு என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அளக்கும் முறை எளிது. முப்பது மீட்டர் எஃகு நாடா, நுனியில் ஈயக் குண்டு. நாடாவின் கீழ்ப்பகுதியில் ஒன்றரை மீட்டருக்கு நீல சாக்பீஸைத் தேய்க்க வேண்டும். குழாயின் விளிம்பில் சிவப்பு வண்ணத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். நாடாவை உள்ளே இறக்கி, ஏதாவது ஒரு முழு எண் அம்புக்குறிக்கு நேராக வரும்போது நிறுத்தி, மேலே இழுக்க வேண்டும். நனைந்த இடம் கருநீலமாக இருக்கும். பன்னிரண்டு மீட்டரில் பிடித்து, அடியிலிருந்து எண்பத்தாறு சென்டிமீட்டர் நனைந்திருந்தால், தண்ணீர் பதினொரு மீட்டர் பதினான்கு சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கிறது. இரண்டு முறை அளக்கச் சொல்கிறது விதி. அம்மா மூன்று முறை அளப்பாள். “முதல் அளவு நாடாவுக்கு, ரெண்டாவது எனக்கு, மூணாவது ஆபீசுக்கு” என்பாள்.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து. தப்பு என்ன என்பது எப்போதும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

அப்பா பஸ் டிப்போவில் டீசல் கிடங்குக்குப் பொறுப்பாளர். தரைக்குக் கீழே இரண்டு டாங்குகள். தினமும் காலையில் ஒரு பித்தளைக் கோலை உள்ளே விட்டு எவ்வளவு டீசல் இருக்கிறது என்று பார்த்து எழுதுவார். டாங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கோலின் நுனியில் ஒரு பசையைத் தடவுவார். டீசல் பட்டால் அந்தப் பசை நிறம் மாறாது. தண்ணீர் பட்டால் மட்டும் சிவப்பாகும். டிப்போவில் அதற்குத் ‘தண்ணி பேஸ்ட்’ என்று பெயர்.

ஆக, வீட்டில் இரண்டு பேருக்கும் தரைக்குக் கீழே விட்டு அளப்பதுதான் பிழைப்பு. சண்டை முற்றினால் அம்மா, “உங்க கோல் மூணு மீட்டர், என் நாடா முப்பது. யார்கிட்ட ஆழம் காட்டுறீங்க?” என்பாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். அத்தோடு சண்டை முடியும். நாங்கள் டிப்போவின் ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு சமையலறை. நான் ஒரே பெண்.

இருபத்து மூன்றாம் எண் கிணறு டிப்போவின் பின்சுவரை ஒட்டி வெளியே இருந்தது. ஒரு காலத்தில் நகரத்துக்குத் தண்ணீர் தந்தது. அதில் இருந்த பழைய பம்பின் தண்டுக்கு எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்துப் பம்புகள் அப்படி. பம்பைக் கழற்றிய பிறகும் ஆண்டுக்கணக்கில் தண்ணீர் மேல் எண்ணெய் மிதக்கும், நாடா பிசுபிசுப்போடு வரும். கிணறு அளப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். குறிப்புக் கட்டத்தில் ‘பம்பு எண்ணெய்’ என்று எழுதிவிட்டு அடுத்த கிணற்றுக்குப் போவார்கள். அம்மாவும் அப்படித்தான் போனாள்.

அந்தக் கிணற்றைத் தாண்டினால் ஒரு சந்து. பதினொரு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அடிபம்பு. முதல் வீட்டில் ஒரு தையல்காரி. வாசலிலேயே மிஷின் போட்டிருப்பாள். அம்மாவோடு வாயாடுவது அவளுக்கு மாதாந்தர வேலை.

“என்னக்கா, பூமிக்குச் சட்டை தைக்கவா அளவெடுக்குறீங்க?”

“ஆமா. நீ தைச்சுத் தர்றியா?”

“துணி யாரு தர்றது? அதை முதல்ல சொல்லுங்க.”

“மெலிஞ்சுக்கிட்டே போகுதுடி. மாசாமாசம் பிடிச்சுத்தான் தைக்கணும்.”

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கோடை மாதத்தின் மூன்றாம் தேதி. தையல்காரி இரண்டு வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்திருக்கிறாள்.

“அக்கா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“எங்க தண்ணியைச் சுட வச்சா உங்க வாசனை வருது.”

“என் வாசனையா? நான் என்ன மல்லிகைப்பூவா?”

“இல்லக்கா, நீங்க வந்து நின்னா ஒரு வாசனை வருமே, அது. டிப்போ வாசனை. எங்க வீட்டுக்காரர் நான் சும்மா சொல்றேங்கிறாரு.”

அம்மா சிரித்துவிட்டுச் சைக்கிளை எடுத்தாள். இருபது அடி போய் இறங்கிவிட்டாளாம். அன்று மாலை சமையலறையில் இதைச் சொல்லும்போது என் கையைப் பிடித்துத் தன் தோளருகே இழுத்தாள்.

“மோந்து பாரு. என்மேல டீசல் வாசனை வருதா?”

“வரலையே.”

“உனக்கும் வராது. எனக்கும் வராது. அதான் விஷயம்.”

எங்கள் வீட்டில் டீசல் ஒரு வாசனை அல்ல. அது அப்பா. அவர் சட்டை எங்கள் துணிகளோடு ஒரே வாளியில் ஊறியது. அம்மாவின் நாடா அவர் சீருடை தொங்கும் ஆணிக்குக் கீழே இருந்தது. மூக்கு ஒரு வாசனையோடு வாழ்ந்தால் அதைச் சொல்வதை நிறுத்திவிடும். வேறு யார் அளந்திருந்தாலும் முதல் மாதமே முகத்தைச் சுளித்திருப்பார்கள். அம்மா பதினான்கு மாதங்கள் ‘பம்பு எண்ணெய்’ என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் அப்பாவுக்கு வார விடுமுறை. பேஸ்ட் டப்பா அவர் சட்டைப் பையில் இருந்தது. அவர் குளிக்கப் போனபோது அம்மா அதை எடுத்தாள். என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நாடாவின் ஒரு பக்கம் சாக்பீஸ், மறுபக்கம் பேஸ்ட். பன்னிரண்டில் பிடித்தாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேலே இழுத்தபோது சாக்பீஸ் பக்கம் நூற்று நான்கு சென்டிமீட்டர் வரை நனைந்திருந்தது. பேஸ்ட் பக்கம் நாற்பத்திரண்டு வரைதான் சிவப்பு. இடையில் இருந்தது தண்ணீர் அல்ல.

அறுபத்திரண்டு சென்டிமீட்டர். இரண்டாவது முறையும் அறுபத்திரண்டு. மூன்றாவது முறை அறுபத்தொன்று.

“இது பம்பு எண்ணெய் இல்லடி,” என்றாள். நாடாவைத் துடைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. பதினைந்து வருடமாக அவள் எழுதிய எண்களே அதைச் சொல்லும். டிப்போவிலிருந்து அந்தச் சந்துப் பக்கமாக.

“இன்னைக்கே ஆபீஸ்ல சொல்லிடறேன்,” என்றாள்.

நான்தான் தடுத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. “ஒரே ஒரு அளவை வச்சு முடிவுக்கு வரக் கூடாதும்மா,” என்றேன். “கிணத்துக்குள்ள தெரியுற டீசல் தடிமன் மண்ணுல இருக்கறதைவிட அதிகமாத்தான் காட்டும். குறைஞ்சது மூணு மாசமாவது அளந்து பார்க்கணும். அப்பதான் தரவுன்னு சொல்லலாம்.”

ஒவ்வொரு வாக்கியமும் சரி. பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அறுபத்திரண்டு சென்டிமீட்டருக்கு அவை பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். டீசல் எங்கிருந்து வருகிறது, அந்த டாங்குக்கு யார் பொறுப்பு என்பதும் தெரியும். எனக்குப் படிப்பு முடிய இரண்டு வருடம் இருந்தது. அதுவரை வீடு நிற்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

அம்மா என்னைப் பார்த்தாள். “அப்படியா சொல்றே?” என்றாள். படித்தவள் சொன்னால் அவள் எடுத்துக்கொள்வாள். தன் வேலை முழுக்கப் படித்தவர்களுக்கு எண் கொடுப்பது என்று நினைத்தவள்.

மத்தியானம் அப்பா டப்பாவைத் திறந்து பார்த்தார்.

“இதைத் தொட்டது யாரு?”

“நான்தான். கிணத்துல விட்டுப் பார்த்தேன்.”

“கிணத்துல தண்ணிதானே இருக்கும். அதுக்கு எதுக்கு பேஸ்ட்?”

“தண்ணி எங்க ஆரம்பிக்குதுன்னு பார்க்க.”

அப்பா உட்கார்ந்தார். எந்தக் கிணறு என்று கேட்கவில்லை. எவ்வளவு என்றும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் என்பது அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

“ரெண்டாம் டாங்கா?” என்றாள் அம்மா.

“தினம் நாப்பது லிட்டர் போகுது.”

“எத்தனை நாளா?”

“போன வருஷத்துலேருந்து.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“சொன்னா டாங்கு ஓட்டைன்னா நினைப்பாங்க? எனக்கு முன்னாடி இருந்தவரை ஒரு வாரக் குறைச்சலுக்கே வீட்டுக்கு அனுப்பினாங்க. இன்னைக்கும் அவரை எல்லாரும் டீசல் திருடன்னுதான் கூப்பிடறாங்க. அவரு பொண்ணு கல்யாணத்துலயே கூப்பிட்டாங்க.”

“அப்ப நாப்பது லிட்டரை என்ன பண்ணீங்க?”

“நாப்பது பஸ். பஸ்ஸுக்கு ஒரு லிட்டர் கூட்டி எழுதினேன்.”

அந்த வருடம் முழுக்க டிப்போவில் ஓட்டுநர்களுக்குத் திட்டு விழுந்துகொண்டிருந்தது, வண்டி அதிகமாகக் குடிக்கிறது என்று. வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார் அப்பா. நாங்களும் சிரித்திருக்கிறோம்.

அம்மா அவர் எதிரில் உட்கார்ந்தாள். “நீங்க எடுக்கலைன்னு அந்தக் கிணறே சாட்சி சொல்லும்.”

“சொல்லும். நான் பொய் எழுதினேன்னும் அதே கிணறுதான் சொல்லும்.”

“அந்தச் சந்துல பதினோரு வீடு இருக்கு.”

“தெரியும்.”

“குடிக்கிறாங்க.”

“உன் இஷ்டம்,” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம்.

மறுநாளே அவர் இரண்டாம் டாங்கின் பம்பு பழுது என்று எழுதி, இருந்த டீசலை முதல் டாங்குக்கு மாற்றிவிட்டார். அதுவும் பொய்தான். ஆனால் கசிவு நின்றது. “இனிமே சேராது. இருக்கறது தானா போயிடும்,” என்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துச் சொன்னார். போகாது என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் தண்ணீர் குடித்தேன். எங்கள் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீர்.

அதன் பிறகு வீடு சுருங்கிப்போனது. மூன்று பேர், இரண்டு அறை. ஒருவர் வந்தால் இன்னொருவர் எழுந்து போக இடமில்லை. அம்மா சமையலறையில் நிற்பாள், அப்பா வாசலில் நிற்பார், நான் நடுவில் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பேன். யாரும் கோபமாக இல்லை. கோபம் இருந்திருந்தால் கதவையாவது அறைந்திருக்கலாம். ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டோம். கரண்டி கீழே விழுந்தால் மூன்று பேரும் குனிந்தோம்.

அம்மா பாதி மட்டும் செய்தாள். தையல்காரியிடம் போய், “குடிக்கவும் சமைக்கவும் தெருமுனைக் குழாய்லேருந்து எடும்மா,” என்றாள்.

“ஏன்க்கா?”

“சுத்தமா இருக்கும்.”

“அரை மணி நேரம் வருது, அதுக்கு முப்பது குடம் நிக்குது. உங்க ஆபீஸ் குழாயை முதல்ல ஒழுங்கா வரச் சொல்லுங்க. பூமியை அப்புறம் அளக்கலாம்.”

அம்மா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அடுத்த மாதம் அளந்தாள். அறுபத்தாறு. பதிவேட்டில் ஆழத்தை எழுதினாள். குறிப்புக் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. நாற்பத்தொரு கிணறுகளில் அந்த ஒரு கட்டம் மட்டும் காலி. நான் பார்த்தேன். அவள் பார்க்கிறாளா என்றும் பார்த்தேன். “இன்னும் ஒரு மாசம்தானே?” என்றாள். தேதி கேட்பது போல.

அதற்குப் பத்து நாள் கழித்து வேறு வேலையாக அந்தச் சந்து வழியாக வந்திருக்கிறாள். தையல்காரி பம்பை அடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை கீழே குந்தி, குழாயின் வாயில் தன் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. அம்மா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப் போய்க் குழந்தையைத் தூக்கிவிட்டாள். குழந்தை வீறிட்டது. “என்னக்கா ஆச்சு?” என்று தையல்காரி கேட்டாள். “குடிக்க வைக்காதே. இனிமே ஒரு சொட்டுகூட வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு நேராக அலுவலகம் போனாள்.

வீட்டுக்கு வரவில்லை. வந்தால் எங்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவேட்டை எடுத்து, பதினான்கு மாதங்களின் ‘பம்பு எண்ணெய்’ மேலும் ஒவ்வொன்றாக ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் ‘டீசல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காலிக் கட்டத்தையும் நிரப்பினாள். பிறகு ஒரு பக்க அறிக்கை. முதல் முறை பேஸ்ட் போட்டுப் பார்த்த தேதி, தடிமன், இரண்டாவது தேதி, தடிமன். கீழே, ‘உடனே தெரிவிக்காதது என் தவறு. முன்பு பம்பு எண்ணெய் என்று எழுதியதும் என் தவறு’ என்று இரண்டு வரி.

மேலதிகாரி படித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாராம்.

“அம்மா, எல்லாம் சரி. கடைசி ரெண்டு வரியை மட்டும் எடுத்துடலாமா? உங்க தவறுன்னா அது ஆபீஸ் தவறாயிடும்.”

“எடுக்க முடியாது சார். கோடுதான் போடலாம். போட்டாலும் படிக்க முடியும்.”

“தேதியையாவது...”

“தேதியை எடுத்தா அது அளவே இல்ல சார்.”

அன்று மாலை வீட்டுக்கு வந்து, “எழுதிட்டேன்,” என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போனார். அன்று அவருக்கு வார விடுமுறை, எதற்குப் போனார் என்று அப்போது தெரியவில்லை. கோலைத் துடைத்து வைத்துவிட்டு வந்ததாக ரொம்ப நாள் கழித்துச் சொன்னார்.

டாங்கைத் தோண்டி எடுத்தார்கள். அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. விசாரணை நடந்தது. அப்பா திருடவில்லை என்று முடிவாயிற்று. பொய்க் கணக்கு எழுதினார் என்றும் முடிவாயிற்று. வேலை போனது. இரண்டு மாதத்துக்குள் குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னார்கள்.

சந்தில் பதினொரு அடிபம்புகளையும் கழற்றிக் குழாய்களில் சிமென்ட் ஊற்றினார்கள். புதிதாகக் குழாய் இணைப்புக் கொடுத்தார்கள். ஊற்றுவதற்கு முன் எல்லோரையும் கூட்டி வைத்து ஓர் அதிகாரி அம்மாவின் அறிக்கையை வாசித்தார். அம்மாவும் இருக்க வேண்டும் என்றார்கள். நானும் போயிருந்தேன். தையல்காரி முன்வரிசையில் நின்றாள். வாசித்து முடித்ததும் விரல்விட்டு எண்ணினாள்.

“ஆறு வாரம்,” என்றாள். “ஆறு வாரமா உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்,” என்றாள் அம்மா.

“நாந்தானேக்கா வந்து சொன்னேன், வாசனை வருதுன்னு. நான் சொல்லித்தானே நீங்க பார்த்தீங்க. எங்கிட்ட வந்து சொல்ல உங்களுக்கு ஆறு வாரமா?”

அம்மா இதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். இன்ஜினியரிங் படிக்கிற என் பெண் பொறுக்கச் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு இரண்டடி தள்ளி நான் நின்றிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “தெரியும்,” என்று இன்னொரு முறை சொன்னாள்.

வீடு தேடி அலைந்தோம். அப்பாவின் பெயர் ஊருக்குத் தெரிந்திருந்தது. யாரும் தரவில்லை. ஓரிடத்தில் மட்டும் வீடுகள் காலியாக இருந்தன, வாடகையும் பாதிதான். அது அந்தச் சந்து. ஏன் பாதி என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? தையல்காரிக்கு நேர் எதிர்வீடு. கதவைத் திறந்தால் அவள் மிஷின்.

அம்மா அங்கே இருபத்தொரு வருடம் இருந்தாள். தையல்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டையும் போடவில்லை. அம்மா வெளியே வந்தால் மிஷினை நிறுத்துவாள். அம்மா சந்து முனையைத் தாண்டியதும் மறுபடி ஓட்டுவாள். தினமும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. எதிர்வீட்டில் சத்தம் நின்றால் அம்மா வாசலில் இருக்கிறாள் என்று உள்ளே இருந்தபடியே எனக்குத் தெரியும்.

இருபத்து மூன்றாம் எண்ணை வேறு யாருக்காவது மாற்றித் தரும்படி அம்மா கேட்டாள். “அந்தக் கிணறு உங்களுக்குத்தாம்மா தெரியும்,” என்றார் மேலதிகாரி. அதைச் சுற்றி இன்னும் ஆறு குழாய்கள் இறக்கினார்கள். நாற்பத்தொன்று நாற்பத்தேழானது. டீசலை உறிஞ்சி எடுக்க ஒரு இயந்திரம் வைத்தார்கள். மாதாமாதம் தடிமனை அளப்பது அம்மா. ஓய்வுபெறும் வரை பதினான்கு வருடம். வீட்டிலிருந்து கிணறு நாற்பது அடி.

அப்பா வேலைக்குப் போகவில்லை. உள் அறையில் இருந்தார். அம்மா அளந்துவிட்டு வரும் நாளில் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“எவ்வளவு?”

“அம்பத்தி ஒண்ணு.”

அடுத்த மாதம், “எவ்வளவு?”

“நாப்பத்தெட்டு.”

எனக்குத் தெரிந்து அவர்கள் பேசிக்கொண்டது அதுதான். சில வருடங்களில் அது இருபதுக்குக் கீழே வந்தது. பிறகு ஐந்து. பிறகு படலம் மட்டும். படலத்துக்கு எண் கிடையாது. அதன் பிறகு அப்பா கேட்பதையும் நிறுத்திவிட்டார்.

நான் படித்து முடித்து வெளியூர் வேலைக்குப் போனேன். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கலந்த எரிபொருளைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். ‘முடிவுக்கு வரக் குறைந்தது மூன்று மாதத் தரவு தேவை’ என்று இன்றும் அறிக்கைகளில் எழுதுகிறேன். சரியான வாக்கியம். எந்த மேலதிகாரியும் அதில் கை வைத்ததில்லை.

என்னோடு வந்துவிடும்படி ஒவ்வொரு விடுமுறையிலும் அம்மாவைக் கூப்பிட்டேன். “அப்பா வர மாட்டார்,” என்பாள். “வந்தாலும் முதல் வாரம் நான் இங்க இருக்கணுமே.” ஓய்வுபெற்று, அந்தக் கிணறுகளில் தானாக அளக்கும் கருவியை மாட்டிய பிறகு கூப்பிட்டேன். “இப்ப என்னம்மா?” என்றேன். “இப்ப போனா ஓடிப்போன மாதிரி இருக்கும்டி,” என்றாள். எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அந்த ஆறு வாரத்தைப் பற்றி அவள் என்னிடம் ஒருமுறைகூடப் பேசவில்லை. நானும் பேசவில்லை. பேச நிறைய நேரம் இருந்தது.

அவள் போன மூன்றாம் நாள் பகலில் மிஷின் நின்றது. அம்மா இல்லாமலே நின்றது. தையல்காரி தெருவைக் கடந்து எங்கள் வாசலுக்கு வந்தாள். எட்டு அடி தூரம். இருபத்தொரு வருடத்தில் அன்றுதான் வந்தாள். நாற்காலியைக் காட்டினேன். உட்காராமல் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

“வெளியூர்ல இருக்கேன்னு கேள்விப்பட்டேன். ஆபீஸ்ல பெரிய வேலையாமே?”

“ஆமாக்கா. ஒண்ணு சொல்லணும்க்கா. அந்த ஆறு வாரம். அம்மா அன்னைக்கே சொல்லத்தான் கிளம்பினாங்க. மூணு மாசம் பார்த்துட்டுச் சொல்லலாம்னு நிறுத்தினது நான்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“அப்ப உனக்கு என்ன வயசு?”

“பத்தொம்பது.”

“எம்பொண்ணுக்கு ரெண்டு.”

“எப்படிக்கா இருக்கா?”

“நல்லாத்தான் இருக்கா. மருந்துக்கடையில வேலை. ஒரு குறையும் இல்ல.” முந்திய நாள் துணியிலிருந்து ஒட்டிய நூலொன்றைக் கையிலிருந்து பிய்த்தாள். “ஆனா அவளுக்குத் தலைவலின்னா போதும், நான் உக்காந்து எண்ண ஆரம்பிச்சிடுவேன். ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர், ஆறு வாரத்துக்கு எத்தனைன்னு. டாக்டர் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்றாரு. எண்ணுறது நிக்கல.”

என் தொழிலில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. அந்த அளவுக்கு, அந்தக் காலத்துக்கு, ஆபத்து மிகக் குறைவு என்று. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“எண்ணும்போதெல்லாம் உங்கம்மாவைத் திட்டுவேன்,” என்றாள். “இனிமே உன்னையும் சேர்த்துக்கணுமா?”

“சேர்த்துக்குங்க.”

“அவங்க ஏன் அன்னைக்குக் கூட்டத்துல சொல்லல, ‘எம்பொண்ணுதான் பொறுக்கச் சொன்னா’ன்னு?”

“தெரியலக்கா.”

“உனக்குத் தெரியும்,” என்றாள். எழுந்துகொண்டாள். உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. அதைப் பார்த்தாள். “அவரு சாப்பிட்டாரா?”

“இல்ல.”

“நீ எப்பக் கிளம்புற?”

“அப்பாவைக் கூட்டிட்டுத்தான் போகணும். வர மாட்டேங்கிறார்.”

“வர மாட்டார்,” என்றாள். படியிறங்கித் தெருவைக் கடந்து தன் வாசலில் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். நான் கதவருகிலேயே நின்றேன். அவள் மிதிப்பலகையில் காலை வைத்தாள். மிதிக்கவில்லை. நான் உள்ளே போவதற்காகக் காத்திருந்தாள்.